முன்கூட்டியே எழுதிய ஆனந்தக் கண்ணீர்

ஆரோக்கியநாதன் தன் ஐம்பத்து மூன்று வயது வரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. எழுதியதோடு சரி.

அதையும் அவர் பொய் என்று நினைத்து எழுதவில்லை. மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் இருபத்தாறு வருஷம் எழுத்தராக இருந்தவர். அந்த உத்தியோகத்தில் அவருக்கு வாய்த்த ஒரே பெருமை ஆண்டறிக்கை. விழா மேடையில் தலைமையாசிரியர் வாசிக்கிற அந்த அறிக்கையைப் பத்து நாள் முன்னதாகவே அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். அதனால் நடக்கப்போகிற விழாவையும் நடந்து முடிந்ததாகவே எழுதிவிடுவார். 'மாணவியரின் கும்மி அனைவரையும் மெய்ம்மறக்கச் செய்தது' என்று அவர் எழுதி முற்றுப்புள்ளி வைக்கும்போது, அந்த மாணவியர் பாவாடைக்குத் துணிகூட எடுத்திருக்க மாட்டார்கள்.

ஒரு வருஷம் விளையாட்டு விழா அன்று விடியற்காலையிலிருந்தே அடைமழை. மைதானத்தில் முழங்கால் தண்ணீர். பந்தல் மூன்றாம் வகுப்புக் கட்டடத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. அச்சடித்த அறிக்கையிலோ, 'இதமான மாலை வெயிலில் போட்டிகள் இனிதே நடந்தேறின' என்று இருந்தது. தலைமையாசிரியராக இருந்த பாதிரிச் சாமியார் ஒரு கையில் குடையைப் பிடித்துக்கொண்டு அதை வாசித்தார். சொட்டச் சொட்ட நனைந்திருந்த பெற்றோர் கைதட்டினார்கள். ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எழுதியது அச்சாகிவிட்டால் நடந்ததாகத்தான் அர்த்தம் என்ற பாடம் அன்றைக்கு ஆரோக்கியநாதன் நெஞ்சில் ஆணியடித்ததுபோல் இறங்கியது.

பிறகு பள்ளிக்குக் கணினி வந்தது. அவருடைய முத்து முத்தான கையெழுத்துக்கு மரியாதை போனது. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஞானஒளிவுபுரத்து வீட்டில் உட்கார்ந்தார். மனைவி சகாயமேரி ஐந்தாம் வகுப்பு டீச்சர். அவள் இரண்டு மாதம் அவரையும் ஐந்தாம் வகுப்பு மாணவனாகவே நடத்தினாள். காலையில் எழுந்ததும் பாயைச் சுருட்டினாரா, சாப்பிட்ட தட்டைக் கழுவினாரா என்று சோதனை. அதற்குப் பயந்துதான் அவர் வேலை தேடினார் என்று சொன்னால் மிகையில்லை.

கிடைத்த வேலை சுடர்வயல் மின்சக்தி என்ற தனியார் கம்பெனியில். சிம்மக்கல்லில் பிளாஸ்டிக் குடம் மொத்த வியாபாரம் செய்யும் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். 'சமூக நல்லுறவு அலுவலர்' என்று பதவிப் பெயர். கம்பெனியால் ஊருக்கு என்ன தொந்தரவு வந்தாலும் ஊர் கம்பெனியைத் தங்கமாக நினைக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் வேலை. இப்படி வாய்விட்டு யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஊருக்குச் செய்த நற்பணிகளைப் பற்றி வருஷா வருஷம் ஓர் அறிக்கை எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். அறிக்கை என்றதும் மனிதர் கண்ணில் ஜொலிப்பு வந்துவிட்டது.

கம்பெனியின் சூரிய மின்தகடுகள் செக்கானூரணிக்கு மேற்கே, கரட்டுப்புளியம்பட்டி என்ற ஊரை ஒட்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை பரந்து கிடந்தன. மழை பெய்தால் விளையும், இல்லாவிட்டால் காயும் என்று கிடந்த நிலத்தில் இப்போது வெயிலே வெள்ளாமை. அங்கே விளைகிற மின்சாரம் கம்பி வழியாகத் துணைமின் நிலையத்துக்குப் போனது. அந்தக் கம்பி ஊரின் மயானப் பாதையைக் குறுக்கே கடந்தது. கம்பம் நட்டபோது உயரம் சரியாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் பாதையில் தண்ணீர் தேங்குகிறது என்று கிராவல் மண் கொட்டி மூன்றடி மேடாக்கினார்கள். ஒரு கம்பம் சாய்ந்தது. வெயில் காலத்தில் கம்பி இன்னும் தொய்ந்து, பாதையிலிருந்து ஒன்பதடி உயரத்தில் ஊஞ்சல் கயிறு மாதிரி தொங்கியது. அந்தப் பாதையில் வண்டி வாகனம் போவதில்லை. பிணம் மட்டும்தான் போகும். பிணத்துக்கு ஷாக் அடித்தால் என்ன கெட்டுவிடப் போகிறது என்று கம்பெனி நினைத்திருக்கலாம். தூக்கிப் போகிற நாலு பேர் உயிரோடு இருப்பவர்கள் என்பது அலுவலகத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ஊரில் ஒரு வழக்கம். பேரன் பேத்தி எடுத்தவர்களைப் படுக்கவைத்து எடுக்க மாட்டார்கள். தலைக்கு உருமாலை கட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, மேலே பூ வளைவு போட்ட தேரில் ராஜா மாதிரி கொண்டுபோவார்கள். நாலு பேர் தோளில் ஏறிவிட்டால் தேரின் உச்சி பன்னிரண்டடி தொடும். ஒன்பதடிக் கம்பிக்குக் கீழே பன்னிரண்டடித் தேர் எப்படிப் போகும்?

கருத்தக்கண்ணன் வீட்டில்தான் இந்தக் கணக்கு முதலில் இடித்தது. நாற்பத்தைந்து வயது விவசாயி. ஊருக்காகக் கம்பெனியிடம் பேசுகிறவர். தன் தாயின் சாவைப் பற்றி ஆரோக்கியநாதனிடம் அவர் முதல் சந்திப்பிலேயே சொன்னார்.

"கம்பெனிக்குப் போன் போட்டோம் சார். ஆளு வாரேன் வாரேன்னு மூணு மணி நேரம். கரண்ட நிப்பாட்டுனாங்க, சரி. கம்பிய என்ன செய்ய? பூ வளைவப் பிச்சுப் போட்டோம். அப்பவும் தட்டுது. தூக்குன நாலு பேரும் குனிஞ்சு, தவழுற மாதிரி போறாங்க. எங்காத்தா தலை நட்டமா நிக்குது. நான்தேன் சார் அமுக்குனேன். பெத்த தாய் தலைய இந்தக் கையால கீழ அமுக்குனேன்."

கையை நீட்டிக் காட்டினார். ஆரோக்கியநாதன் அந்தக் கையைப் பார்க்க முடியாமல் தன் செருப்பைப் பார்த்தார்.

பக்கத்தில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார் கருத்தக்கண்ணனின் அப்பா முத்துக்கருப்பன். எண்பத்து நாலு வயது. காது நன்றாகக் கேட்டது, வாய் அதைவிட நன்றாக வேலை செய்தது.

"ஏ கிளார்க்கு, அடுத்து நான்தேன். எம்பது வருசமா எவனுக்கும் குனியாத ஆளு நான். செத்தப்புறம் ஒரு கம்பிக்குக் குனியச் சொல்றியா?"

"ஐயா, நீங்க நூறு வருஷம் இருப்பீங்க."

"அதுக்குள்ளயாச்சும் ஏத்துவீங்களா?"

ஊர் எழுதிக் கொடுத்த மனுவுக்குக் கம்பெனி பதில் கடிதம் அனுப்பத்தான் செய்தது. 'இறுதி ஊர்வலம் நடைபெறும் நாளை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு முன்னதாக எழுத்து மூலம் தெரிவித்தால் மின்தடை செய்து உதவத் தயாராக உள்ளோம்.' இதைக் கருத்தக்கண்ணன் டீக்கடையில் சத்தமாக வாசித்துக் காட்ட, "ரெண்டு நாளைக்கு முன்னாடியே சாவுக்கு லீவு லெட்டர் எழுதணும்டோய்" என்று ஊர் சிரித்துப் புரண்டது. முத்துக்கருப்பன் சிரிக்கவில்லை. ஆரோக்கியநாதனின் கையைப் பிடித்து இழுத்து, "நீ சொல்லு. உன் வாயால சொல்லு" என்றார்.

"இந்த வருஷ அறிக்கைக்குள்ள கம்பி ஏறிடும்யா. என் பொறுப்பு."

சொன்னபடி அலைந்தார். சிம்மக்கல் அலுவலகத்தில் பொறியாளர் திவ்யா, இருபத்தெட்டு வயதுப் பெண், அவர் நச்சரிப்புத் தாங்காமல் திட்டம் போட்டுத் தந்தாள். உயரமான இரண்டு கம்பங்கள், புதுக் கம்பி. சென்னைத் தலைமை அலுவலகம் ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. கம்பங்களும் வந்து இறங்கின. மார்ச்சில் நற்பணி அறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். வேலை ஏப்ரலில் தொடங்கும் என்றார்கள். ஆரோக்கியநாதன் பேனாவைத் திறந்தார். இருபத்தாறு வருஷப் பழக்கம் கையைப் பிடித்துக்கொண்டு எழுதியது:

'மயானப் பாதையில் தாழ்ந்திருந்த மின்கம்பி நம் நிறுவனத்தால் உயர்த்தப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர்.'

ஏப்ரல் வந்தது. ஒருத்தரும் கம்பம் நடப் போகவில்லை. திவ்யாவிடம் கேட்டார்.

"சார், தலைமை அலுவலகத்துல ஃபைலை மூடிட்டாங்க. வேலை முடிஞ்சதா அறிக்கையில இருக்காம். முடிஞ்ச வேலைய எதுக்குத் திரும்பச் செய்யணும்னு கேக்குறாங்க."

"முடியலையேம்மா!"

"எனக்குத் தெரியுது சார். அச்சுல முடிஞ்சிருக்கே. ஆனந்தக் கண்ணீர் வேற வந்துருச்சு."

மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார் மனிதர். கீழே கடையில் யாரோ குடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு குடமும் தன் தலையில் இறங்குவது போலிருந்தது அவருக்கு. கம்பியை ஏற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்ததும் அவர்தான். அது ஏற முடியாமல் கட்டிப்போட்டதும் அவர்தான். எழுதியது தப்பு என்று சொன்னால் கம்பி ஏறும்; வேலை போகும். சொல்லாவிட்டால் வேலை இருக்கும். முத்துக்கருப்பன் குனிந்து போவார்.

அன்று சாயங்காலம் சகாயமேரியிடம் சொன்னார். நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தவள் சிவப்புப் பேனாவை மூடவில்லை.

"வீட்டுப்பாடம் எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்ற பிள்ளைய முட்டி போட வைக்கிறேன். உங்களை என்னங்க செய்ய?"

"வேலை போயிடும் மேரி."

"போனா என்ன? பழையபடி நான் வீட்டுல ஒரு பையனுக்குப் பாடம் எடுக்கணும். அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள். "அந்தப் பெரியவர் தலையை யாராச்சும் அமுக்குறப்ப உங்களுக்குச் சோறு இறங்குமாங்க?"

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனம் செய்ய, பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கப் போனார். வலைத் திரைக்கு அந்தப்புறம் யார் என்று பார்க்காமல், "சாமி, நடக்காததை நடந்ததா எழுதிட்டேன்" என்றார்.

 உள்ளே பழகிய இருமல். "எந்த வருஷத்து அறிக்கைடா?"

மழையில் குடை பிடித்த அதே தலைமையாசிரியர். இப்போது ஓய்வு பெற்றுக் கோயிலில் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். ஆரோக்கியநாதன் எல்லாவற்றையும் கொட்டினார். சாமியார் இன்னும் ஒரு தரம் இருமினார்; அது சிரிப்பா இருமலா என்று திரை காட்டிக் கொடுக்கவில்லை.

"அருள்நிறைந்த மரியே ஜெபம் பத்துத் தடவை சொல்லு. அதுக்கு முன்னாடி அந்தக் கம்பியை ஏத்து."

எப்படி ஏற்றுவது என்று அவர் சொல்லவில்லை. அதையும் சேர்த்துக் கேட்க ஆரோக்கியநாதனுக்குத் துணிச்சல் இல்லை.

ஜூன் மாதம். மேலாளர் அசோக்குமார் அலுவலகத்துக்குள் குதிக்காத குறையாக நுழைந்தார். ஊர்களிடம் நேர்மையாக நடந்துகொள்ளும் மின் நிறுவனங்களுக்கு ஓர் அமைப்பு விருது கொடுக்கிறதாம். அறிக்கையைப் படித்துக் கண்கலங்கிவிட்டார்களாம். பவதாரிணி என்ற அம்மாள் சென்னையிலிருந்து நேரில் பார்த்துச் சரிபார்க்க வருகிறாராம்.

"நாதன் சார், அவங்க வர்ற அன்னிக்கு ஊருக்குப் பெரிசா ஒண்ணு கொடுக்கிறோம். மயானப் பக்கம் மட்டும் கூட்டிட்டுப் போகாதீங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்."

"என்ன சார் கொடுக்கிறோம்?"

"ஃப்ரீசர் பாக்ஸ். ஊர்ல யாராவது இறந்தா வாடகைக்கு டவுனுக்கு ஓட வேண்டியதில்லை. எப்படி?"

பிணத்தை உயிருள்ளவன் போலப் பாதுகாத்து, பிறகு கம்பியில் கொண்டுபோய் முட்டவிடலாம் என்று ஆரோக்கியநாதனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

விழா நாள். ஊர்ச் சமுதாயக் கூடத்துக்கு முன்னால் பந்தல். நடுவில் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி. அதன் பக்கவாட்டில் கொட்டை எழுத்தில், 'சுடர்வயல் – உங்கள் வாழ்வில் என்றென்றும்'. அசோக்குமார் சொன்னபடி பெட்டிக்கு ரோஜா மாலை. பெட்டியின் தலைமாட்டில் குத்துவிளக்கு. வெறும் பெட்டியைக் காட்டினால் எப்படிக் குளிரும் என்று மக்களுக்குப் புரியாதே என்று, உள்ளே நூறு மோர்ப் பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கி வெள்ளைத் துணியால் பாதி மூடியிருந்தார்.

"சார், தலைமாட்டுல விளக்கு வேண்டாம் சார். மாலையும் வேண்டாம்."

"விழான்னா விளக்கு வேண்டாமா நாதன் சார்?"

பஞ்சாயத்துத் தலைவரைத் திறந்துவைக்கக் கூப்பிட்டார்கள். அவருக்குத் திடீரென்று வயிற்று வலி. பெண்கள் பந்தலுக்குள் கால் வைக்க மறுத்துத் தெருவிலேயே நின்றார்கள். "தெறந்து வைக்கிறதுன்னா உள்ள ஆளு இருக்கணும்ல மாப்ள? யாரு போறீக?" என்று ஒருத்தர் கேட்க, இளவட்டங்கள் ஒருவரையொருவர் பெட்டியை நோக்கித் தள்ளிவிட்டுச் சிரித்தார்கள். பவதாரிணி அம்மாள் முன்வரிசையில் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது, பருத்திச் சேலை, காலில் நடைப்பயிற்சிக்குப் போடுகிற ஷூ. எதையும் விடாமல் பார்த்தார்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர் சோணையம்மாள் மினி பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பந்தலைப் பார்த்தாள், மாலை போட்ட பெட்டியைப் பார்த்தாள், தலைமாட்டு விளக்கைப் பார்த்தாள். யாருக்கு என்ன ஏது என்று கேட்கவேயில்லை. முந்தானையை உதறி மாரில் அடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"எம் மவராசா! சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே! வெயிலுன்னு பாக்காம ஓடியாந்தேனே, ஒரு வார்த்த பேசலையே!"

பெட்டியின் மேல் விழுந்து அழுதவள், கடைசியாக முகத்தைப் பார்க்கலாம் என்று கண்ணாடியைத் துடைத்து உற்றுப் பார்த்தாள். அழுகை சட்டென்று நின்றது.

"ஏண்டி, யாருடி இது... மோரா?"

பந்தல் அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து ஒருத்தர் நாற்காலியோடு சாய்ந்தார். அசோக்குமாரும் சிரிப்பது போல் பல்லைக் காட்டினார். பாக்கெட்டுகளை எடுத்து நீட்டினால் ஒருத்தரும் தொடவில்லை. முத்துக்கருப்பன் மட்டும் நாற்காலியிலிருந்து கையை நீட்டி, "எங்கிட்டக் குடு. எப்படியும் நான் போக வேண்டிய பெட்டிதானே" என்று வாங்கிப் பல்லால் கடித்துக் குடித்தார்.

"நாதன் சார், அறிக்கையை வாசிங்க, சீக்கிரம்" என்று காதில் சீறினார் மேலாளர்.

ஆரோக்கியநாதன் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். பள்ளிக்குப் பெஞ்சு, குடிநீர்த் தொட்டி, கண் பரிசோதனை முகாம். குரல் கணீரென்று வந்தது. அடுத்த வரியில் விரல் நின்றது. ஆனாலும் வாசித்தார். "மயானப் பாதையில் தாழ்ந்திருந்த மின்கம்பி நம் நிறுவனத்தால் உயர்த்தப்பட்டது. ஊர்ப் பெரியவர்கள் ஆனந்தக் கண்ணீர்..."

பந்தலில் சிரிப்பு நின்றது.  கருத்தக்கண்ணன் எழுந்து நின்று அவரையே பார்த்தார். கை வேட்டி மடிப்பைப் பிடித்திருந்தது, தாயின் தலையை அமுக்கிய அதே கை.

முத்துக்கருப்பன் மீசையில் ஒட்டிய மோரைத் துடைத்தார். "ஏ கிளார்க்கு, எனக்கு எப்பப்பா அந்தக் கண்ணீர் வந்துச்சு? நான் ஊர்ல இல்லாத நேரமா?"

ஆரோக்கியநாதன் தாளை மடித்தார். மேலாளரைப் பார்க்கவில்லை.

"ஐயா, இது பொய். நான் எழுதினது. நடக்கும்னு நெனைச்சு நடந்துச்சுன்னு எழுதிட்டேன். நான் எழுதினதாலேயே நடக்காமப் போச்சு. கம்பி அங்கேயேதான் தொங்குது."

"அவருக்கு உடம்பு சரியில்லை மேடம், வெயில்..." என்று எழுந்தார் அசோக்குமார். பவதாரிணி அம்மாள் ஷூக் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு, "மயானம் எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

ஊரே பின்னால் நடந்தது. கம்பியடியில் போய் நின்றார்கள். அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "தாழ்வாத்தான் இருக்கு. ஆனா ஊர்வலம் போக முடியாதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

அதைக் காட்ட வழியில்லை. வெறும் தேரைத் தூக்கக் கூடாது. தூக்கினால் ஊருக்கு ஆகாது. அந்த வழக்கத்தைச் சொல்லிக் கருத்தக்கண்ணன் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"வெறுந்தேருதான தூக்கக் கூடாது? நான் ஒக்காந்துக்கிறேன். தூக்குங்கடா."

முத்துக்கருப்பன் தன் பிளாஸ்டிக் நாற்காலியையும் கூடவே கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

"யோவ் அய்யா! உசுரோட தூக்கச் சொல்றியே, ஊரு என்ன பேசும்?" என்று பதறினார் கருத்தக்கண்ணன்.

"செத்தப்புறம் ஊரு பேசுறது எனக்குக் கேக்காதுடா. இப்பப் பேசட்டும், கேட்டுக்கிறேன்."

விழாவுக்கு வந்திருந்த திவ்யா முன்னால் வந்தாள். "சார், லைனை நிறுத்தாம யாரும் பக்கத்துல போகக் கூடாது" என்று சொல்லிக் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் செய்தாள். மின்சாரம் நின்றது. கருவியை வைத்துச் சோதித்து, கம்பியைப் பூமியோடு இணைத்துப் பூட்டினாள். பிறகுதான் விலகி நின்றாள். முத்துக்கருப்பன் உட்கார்ந்த நாற்காலியின் மூன்று காலைப் பங்காளிகள் மூன்று பேர் பிடித்தார்கள். நாலாவது ஆள் முன்வரவில்லை. கொள்ளி வைக்க வேண்டிய மகன் தோள் கொடுக்கக் கூடாது; மற்றவர்களுக்குப் பயம். ஆரோக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு நாலாவது காலுக்குத் தோள் கொடுத்தார்.

தூக்கினார்கள். நாலடி நடந்ததும் பெரியவர் தலையில் கட்டியிருந்த உருமாலை போய்க் கம்பியில் முட்டியது.

"குனிங்கய்யா" என்றார் மேலாளர் அனிச்சையாக.

"மாட்டேன்." முத்துக்கருப்பன் முதுகை இன்னும் நிமிர்த்தினார். "என்னைக்கு ஏத்துவீகன்னு சொல்லுங்க, எறங்குறேன்."

உச்சி வெயில். மின்தகடுகளில் மின்சாரம் நெருப்பாக விளைந்துகொண்டிருந்தது. லைன் நின்றுபோனதால் அந்த மின்சாரம் அத்தனையும் போக்கிடம் இல்லாமல் வீணாகிக்கொண்டிருந்தது. பெரியவர் மேலே இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் கம்பெனிக்கு நெஞ்சடைப்பு. அசோக்குமாரின் போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது.

"பரிசீலனை பண்றோம்..."

"திவ்யாம்மா, எத்தன நாளு ஆகும்?" என்று மேலிருந்து கேட்டார் முத்துக்கருப்பன்.

"பத்து நாள் போதும் தாத்தா. கம்பம் ரெண்டும் யார்டுலதான் கெடக்கு. ஃபைலைத் திறந்தாப் போதும்."

"எப்படித் திறக்கிறது? முடிஞ்சதா எழுத்துல இருக்கே!" என்றார் மேலாளர்.

நாற்காலிக்குக் கீழேயிருந்து மூச்சு வாங்கும் குரல் வந்தது. "முடியலைன்னு நானே எழுதித் தாரேன் சார். கையெழுத்தும் போடுறேன். கை ரெண்டும் இங்க மாட்டியிருக்கு. நீங்க வந்து கொஞ்சம் பிடிங்க."

அசோக்குமார் சுற்றிலும் பார்த்தார். யாரும் அசையவில்லை. பவதாரிணி அம்மாள் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். போன் மறுபடி அடித்தது. வேறு வழியில்லாமல் இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலிக் காலுக்குக் கீழே தோளைக் கொடுத்தார். முத்துக்கருப்பன் குனியாமலே கீழே பார்த்து, "பாத்து மெதுவா. எல்லாருக்கும் ஒருநா வேண்டியதுதேன்" என்றார்.

ஆரோக்கியநாதன் அறிக்கையின் பின்பக்கத்தில், கருத்தக்கண்ணனின் முதுகில் வைத்து எழுதினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாக, கண்ணுக்கு எதிரே இருப்பதைப் பார்த்து எழுதினார். 'மேற்படி கம்பி உயர்த்தப்படவில்லை. உயர்த்தப்பட்டதாக எழுதியது என் பொய். இன்று பகல் பன்னிரண்டு மணிக்கு அது பெரியவர் முத்துக்கருப்பன் தலையில் முட்டிக்கொண்டிருக்கிறது.' திவ்யா சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். மேலாளர் தோளில் பாரத்தோடு, "இறக்குங்கய்யா, பத்து நாள், பத்து நாள்!" என்று கெஞ்சி, கீழே வந்ததும் கையெழுத்துப் போட்டார்.

விருது வேறு யாருக்கோ போனது. ஆரோக்கியநாதனுக்கு ஒரு கடிதம் வந்தது: ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது. சகாயமேரி அதை வாசித்து, எழுத்துப் பிழை இரண்டைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, "கையைக் கழுவிட்டுச் சாப்பிட வாங்க" என்றாள். பதினோராம் நாள் இரண்டு புதுக் கம்பங்கள் நின்றன. கம்பி இருபதடிக்கு மேலே ஏறியது. திவ்யா போனில் படம் அனுப்பினாள். அவர் அதை நம்பாமல் பஸ் ஏறிப் போய்க் கழுத்து வலிக்கப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆவணியில் முத்துக்கருப்பன் போனார். உறக்கத்திலேயே போய்விட்டார். சேதி கேட்டு ஆரோக்கியநாதன் ஓடினார். ஊர் அவருக்கும் தேரில் தோள் கொடுக்க இடம் விட்டது. பூ வளைவு முழுசாக நின்றது. உருமாலையோடு பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் கருத்தக்கண்ணன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். கொட்டுச் சத்தம் பாதை நெடுகப் போனது.

கம்பி கடக்கும் இடம் வந்தது. தோள் கொடுத்த நாலு பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். மூன்று வருஷப் பழக்கம். முன்னால் போன கொட்டுக்காரர்களும் குனிந்தார்கள். அண்ணாந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கம்பியோ இருபதடிக்கு மேலே, ஆகாயத்தில் கோடு போட்டது மாதிரி தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆரோக்கியநாதனுக்கும் முழங்கால் மடங்கிவிட்டது. தேர் சாய்ந்தது, பெரியவர் தலை முன்னால் அசைந்தது.

கொட்டு தடுமாறுவதை வைத்தே கருத்தக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கொள்ளிச்சட்டி தூக்கியவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. பாதையைப் பார்த்தபடியே தொண்டை கிழியக் கத்தினார்.

"நிமிருங்கடா! எங்கய்யன் போறாரு, நிமிருங்கடா!"

நாலு பேரும் விசுக்கென்று நிமிர்ந்தார்கள். தேர் உயர்ந்தது. முத்துக்கருப்பனின் உருமாலைக்கு மேலே பூ வளைவு, அதற்கு மேலே வெறும் வெளி. ஆரோக்கியநாதன் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லாமல், தோளை மாற்றாமல், மற்ற மூவரோடும் காலை எட்டிப்போட்டு நடந்தார்.